மாணவர் போராட்டம் பற்றிய அறிக்கைகளை எதை வைத்து எடைபோடுவது?

கனகராயன்கரை (கேள்வி)

வணக்கம். மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தில் உயர்தரப் பிள்ளைகளின் பத்திரிகை வாசிப்பு வட்டம் ஒன்று நடக்கிறது. இந்தத் தவணைக்கு எடுத்த விடயம், மாணவர் போராட்டங்களைப் பற்றிப் பொதுவெளியில் விடப்படும் அறிக்கைகள். நிர்வாக அறிவித்தல், பொலிஸ் பேச்சாளர் சொன்னது, நாடாளுமன்ற உறுப்பினர் பேசியது, மாணவர் ஒன்றியத் துண்டுப்பிரசுரம், முகநூல் பதிவு என்று இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. நல்ல எடுத்துக்காட்டுகளை நிலையத்தின் சுவர்ப்பலகையில் ஒட்டுவது திட்டம்.

எடைபோட எடுத்துக்கொண்டது பௌத்தம் சொல்லும் நல்வாக்கின் ஐந்து குணங்கள்: உரிய நேரத்தில் சொன்னதா, உண்மையா, மென்மையாகச் சொன்னதா, பயனுள்ளதா, நல்லெண்ணத்தோடு சொன்னதா. ஒன்றுக்கு 2 புள்ளி, மொத்தம் 10. சிங்களப் பிள்ளைகளோடு பகிர்ந்தாலும் அவர்களுக்கு விளங்கும் அளவுகோல் என்பதால் இதைத் தெரிந்தோம்.

வந்த முடிவுதான் மனதுக்கு ஒப்பவில்லை. நிர்வாக அறிக்கைகள் எல்லாம் 7, 8 வாங்குகின்றன. மாணவர் துண்டுப்பிரசுரங்கள் 4ஐத் தாண்டவில்லை. ஒரு நிர்வாக அறிக்கையில் சரிபார்க்கக்கூடிய தகவல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் தன்மையாக எழுதியிருக்கிறது என்று பிள்ளைகள் 8 போட்டிருக்கிறார்கள். அளவுகோல் பிழையா, பாவிக்கிற விதம் பிழையா? வன்னியில் இருந்துகொண்டு கொழும்பிலோ பேராதனையிலோ நடந்த ஒன்றை எப்படிச் சரிபார்ப்பது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கோ.

இரணைமடு வான்கதவு

அளவுகோலில் பிழையில்லை. கூட்டியதுதான் பிழை. ஐந்தையும் ஒரே தட்டில் போட்டுக் கூட்டினால் பொய்யான ஓர் அறிக்கை மென்மை, நேரம், நல்லெண்ணம், பயன் ஆகிய நான்குக்கும் புள்ளி வாங்கி 10க்கு 8 எடுத்துவிடும். நீங்கள் கண்டது அதைத்தான்.

அந்த ஐந்து குணங்கள் பாளி பௌத்த நூற்தொகுதிகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தின் வாசா சூத்திரத்தில் வருகின்றன. அதோடு இன்னொரு தொகுதியான மஜ்ஜிம நிகாயத்தின் 58ஆவது சூத்திரத்தையும், அதாவது அபயராஜகுமார சூத்திரத்தையும், சேர்த்து வாசிக்க வேணும். அங்கே பேச்சு ஆறு வகையாகப் பிரிக்கப்படுகிறது. பொய்யானது எதுவும், கேட்க இனிதாக இருந்தாலும், சொல்லப்படுவதில்லை. உண்மையாயிருந்தும் பயனற்றது சொல்லப்படுவதில்லை. உண்மையும் பயனும் உள்ளது இனிதோ கசப்போ, காலம் அறிந்து சொல்லப்படும். ஆகவே கசப்பு ஒரு பேச்சைத் தள்ளிவிடாது. எப்போது சொல்லலாம் என்ற கேள்வியை மட்டுமே எழுப்பும். அதே சூத்திரத்தில் ஒரு குழந்தை வருகிறது. தடியோ கல்லோ வாயில் போட்டுக்கொண்டால், இரத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று விரலை விட்டு எடுப்பேன் என்கிறான், புத்தரோடு பேசும் இளவரசன் அபயன். ஏன் என்று கேட்டால், பிள்ளைமேல் உள்ள இரக்கத்தால். மென்மைக்கும் நல்லெண்ணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே புள்ளியை விட்டுவிட்டு வாசல் முறைக்கு வாருங்கோ. முதல் வாசல் உண்மை. அதைத் தாண்டாத வசனம் அங்கேயே நிற்கும். இரண்டாவது பயன்: கேட்பவர் இதை வைத்து என்ன செய்யலாம்? மூன்றாவது, யாருக்குத் தீங்கு வரலாம் என்பது. நேரமும் தொனியும் கடைசியில்.

வாசலில் நிறுத்துவதற்கு முன் அறிக்கையை வசனம் வசனமாக வெட்டுங்கோ. முழு அறிக்கைக்கு ஒரே தீர்ப்புச் சொல்லக்கூடாது. நான்கு நிறப் பென்சில் போதும். நடந்ததாகச் சொல்வது நீலம். ஊகம் பச்சை. மதிப்பீடு சிவப்பு. கோரிக்கை அல்லது உத்தரவு கறுப்பு. உண்மையா என்று கேட்கக்கூடியது நீலத்தை மட்டுந்தான். பச்சையைப் பார்த்து 'ஆதாரம் எது' என்று கேட்க வேணும், சிவப்பைப் பார்த்து 'எந்த நீலத்தின் மேல் இது நிற்கிறது' என்று கேட்க வேணும்.

மாதிரிக்கு ஒரு வசனம். இது நான் எழுதியது, யாரும் சொன்னதல்ல. ஆனால் இந்த அச்சில் வார்த்தவை கனக்கக் காண்பீர்கள்:

"வெளிச் சக்திகளின் தூண்டுதலினால் ஒரு சில மாணவர்கள் மேற்கொண்ட விரும்பத்தகாத செயற்பாடுகள் காரணமாக, நிலைமையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரக் குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது."

'வெளிச் சக்திகள்': யார், பெயர் இல்லை. 'தூண்டுதல்': பச்சை, ஆதாரம் இல்லை. 'ஒரு சில': மூன்றா, முந்நூறா? 'விரும்பத்தகாத செயற்பாடுகள்': சிவப்பு. கல் எறிந்தார்களா, கதவை உடைத்தார்களா, வீதியில் இருந்தார்களா? 'குறைந்தபட்ச': இதுவும் சிவப்பு. தடியா, தண்ணீர்த்தாரையா, கண்ணீர்ப்புகையா, எத்தனை குண்டு? 'பிரயோகிக்கப்பட்டது': செய்தவர் யார்? நிறம் தீட்டி முடிக்க நீலத்தில் மிஞ்சுவது இவ்வளவுதான்: மாணவர் ஏதோ செய்தார்கள், யாரோ ஏதோ செய்தார்கள். பதினைந்துக்கு மேற்பட்ட சொற்களில் ஒரு தகவலும் இல்லை. தொனியோ பட்டுப்போல இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் 8 போட்டது இந்த மாதிரி ஒன்றுக்காகத்தான் இருக்கும்.

படர்க்கைச் செயப்பாட்டு வினை வரும் இடமெல்லாம் வட்டம் போடச் சொல்லுங்கோ. தமிழில் 'பட்டது' என்று முடிந்தால் எழுவாய் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

பாலியாற்றுப் பாலம்

இரணைமடு அண்ணை சொன்னதோடு முழுக்க உடன்பாடு. ஒன்றைச் சேர்க்க வேணும்: பேசியவரின் கை எவ்வளவு நீளம் என்பதையும் பார்க்க வேணும். வள்ளுவர் இனியவை கூறலை எல்லாருக்கும் பொதுவாக வைத்தார். ஆனால் 389ஆம் குறளில் அரசனிடம் இன்னொன்றும் கேட்கிறார்: "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்". காது கசக்கிற சொல்லைப் பொறுப்பது ஆள்பவனின் கடமை.  துணைவேந்தர், அமைச்சர், பொலிஸ் பேச்சாளர் ஆகியோரின் சொல்லையும், வெயிலில் நின்று கத்துகிற இரண்டாம் வருடப் பிள்ளையின் சொல்லையும் ஒரே தராசில் வைத்தால் தராசு ஏற்கெனவே சாய்ந்துதான் நிற்கும்.

கோஷத்தையும் அறிக்கையையும் வேறு வேறாக எடுங்கோ. கோஷம் நாலு சொல்லில் தாளத்துக்குப் போடுவது. அதில் எண்ணிக்கை, திகதி தேடக்கூடாது. ஆனால் ஒரு கேள்வி கோஷத்துக்கும் உண்டு: இது ஒரு செயலையோ பதவியையோ குறிவைக்கிறதா, ஓர் இனத்தையோ தனி ஆளையோ குறிவைக்கிறதா?

வெறுப்பூட்டும் பேச்சு என்று சொல்லும் முன் 2012ஆம் ஆண்டின் ரபாத் செயற்திட்டத்தில் உள்ள ஆறு சோதனையையும் போட்டுப் பாருங்கோ. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூட்டிய நிபுணர்கள் வகுத்தது: சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு தூரம் பரவியது, தீங்கு நிகழக்கூடிய வாய்ப்பு. ஆறும் கூடினால்தான் குற்ற அளவுக்குப் போகும். இலங்கையில் இதற்கான சட்டம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. காரசாரமான விமர்சனம் அதற்குள் வராது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சையும் அமைதியாக ஒன்றுகூடுவதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறது; பிள்ளைகள் அதைத் தமிழில் ஒருதரம் வாசிக்கட்டும்.

சூழல் ஏன் முதலில் வருகிறது என்பதற்கு இரண்டு உதாரணம். 1970 மே 3, அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ், கென்ட் பல்கலைக்கழக ஆர்ப்பாட்டக்காரர்களை நாசிகளின் பழுப்புச் சட்டைப் படையைவிட மோசமானவர்கள் என்றார். அப்போது வளாகத்தில் ஏற்கெனவே துப்பாக்கியோடு தேசியக் காவற்படை நிற்கிறது. மறுநாள் 13 விநாடிச் சூட்டில் 4 மாணவர் இறந்தனர், 9 பேர் காயம். ஆளுநரின் பேச்சுத்தான் சுட்டது என்று எழுதினால் அது பச்சைநிற வசனம், ஆதாரம் கேட்கும். ஆயுதம் ஏந்தியவர் பக்கத்தில் நிற்கும்போது அப்படி ஒரு சொல்லைச் சொன்னார் என்பது நீலம். தீர்ப்புக்கு நீலமே போதும்.

2024 ஜூலை 14, டாக்காவில் பிரதமர் ஷேக் ஹசீனா, வேலை ஒதுக்கீட்டை எதிர்த்த மாணவரைப் பற்றிக் கேட்டபோது, விடுதலைப் போராளிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இல்லையென்றால் ரசாக்கர்களின் பேரப்பிள்ளைகளுக்கா கொடுப்பது என்ற கருத்தில் பதில் சொன்னார். ரசாக்கர் என்றால் 1971இல் பாகிஸ்தான் படையோடு நின்ற துணைப்படை; வங்காளத்தில் அதைவிடக் கேவலமான வசை இல்லை. அன்றிரவே மாணவர் 'நீ யார், நான் யார், ரசாக்கர்' என்று கோஷம் போட்டுக்கொண்டு விடுதிகளை விட்டு இறங்கினார்கள். கேள்வி 30 வீத ஒதுக்கீட்டைப் பற்றியது. பதில் வம்சத்தைப் பற்றியது. ஒரு வசனம் கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்டவரின் பிறப்புக்குத் தாவுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

எங்கள் பக்கத்திலும் இதை விடாமல் பார்க்க வேணும். மாணவர் துண்டுப்பிரசுரத்தில் ஒருவரைத் 'துரோகி' என்று எழுதினால் அதைக் கோஷம் என்று கடந்துபோக ஏலாது. இந்த மண்ணில் அந்தச் சொல் விழுந்த ஆட்களுக்கு என்ன நடந்தது என்பது வீட்டுக்கு வீடு தெரியும். 'பயங்கரவாதி', 'புலி' என்ற சொற்களும் அப்படித்தான். அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் 2022 ஓகஸ்ட் 18 கைதாகிப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் மாதக்கணக்காக வைக்கப்பட்டார். 2023 ஜனவரி 31 கொழும்பு நீதவான் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அந்த ஐந்து மாதமும் அவரைப் 'பயங்கரவாதி' என்று பேசியவர்களின் பேச்சுகளை எடுத்து, விடுதலைக்குப் பிறகு யார் திருத்தினார் என்று தேடச் சொல்லுங்கோ. ஒரு கிழமைக்குப் போதுமான வேலை.

மொழிபெயர்ப்பு மேசை

வன்னியில் எங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் மூன்றாம் கை: சிங்களத்தில் சொன்னது, ஆங்கில இணையத்தளத்தில் சுருங்கி, தமிழில் பெயர்ந்து, வட்ஸ்அப்பில் ஒரு படமாக வரும். ஆகவே எடைபோடுவதற்கு முன் மூலம். காணொலி இருந்தால் அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் சேர்த்துக் கேளுங்கோ. எழுத்து அறிக்கையானால் கடிதத்தலைப்பு, இலக்கம், திகதி, கையொப்பம். இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டால் பலகையில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது செய்தியாளரின் வினைச்சொல். 'தெரிவித்தார்' நடுநிலை. 'ஒப்புக்கொண்டார்' என்றால் குற்றம் இருந்தது என்று செய்தியாளர் முடிவெடுத்துவிட்டார். 'சாடினார்', 'மழுப்பினார்', 'கொந்தளித்தார்' எல்லாம் அவருடைய மதிப்பீடு, பேசியவருடையதல்ல. எல்லாவற்றையும் 'சொன்னார்' என்று மாற்றி வாசித்துப் பாருங்கோ; பாதி அறிக்கைகளின் சூடு இறங்கிவிடும். 'என்று கூறப்படுகிறது' வந்தால், யாரால் என்று கேளுங்கோ.

மொழிக்குள் இன்னொரு பொறி இருக்கிறது. தமிழில் 'போராட்டம்' என்பது உண்ணாவிரதத்துக்கும் வரும், வகுப்புப் பகிஷ்கரிப்புக்கும் வரும், ஆயுதம் ஏந்தியதற்கும் வரும். சிங்களத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்பவர் 'விரோததாவ' என்று போட்டால் எதிர்ப்பு. 'அரகலய' என்று போட்டால் 2022 காலிமுகத்திடல் ஞாபகம் வரும். 'சட்டன' என்று போட்டால் சண்டை என்ற வாடை வந்துவிடும். ஒரே துண்டுப்பிரசுரம், மூன்று முகம். கோபத்தோடு ஒரு சிங்கள அறிக்கை வந்தால், அவர்கள் எதை வாசித்துக் கோபப்பட்டார்கள் என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதவேண்டாம். மாணவர் ஒன்றியங்களுக்கும் இது உதவும்: செய்த செயலின் பெயரை எழுதுங்கோ. 'மூன்று நாள் அடையாள உண்ணாவிரதம்', 'பிரதான வாயிலில் இரண்டு மணி நேரக் கவனயீர்ப்பு' என்றால் திரிக்க இடம் குறைவு.

நேரத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு அறிக்கையின் மேலும் அது வெளிவந்த மணியைக் குறியுங்கோ. 2016 ஒக்டோபர் 20 இரவு குளப்பிட்டிச் சந்திப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போன யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தபோது முதலில் வந்த சொல் 'விபத்து'. மருத்துவப் பரிசோதனையில் துப்பாக்கிக் காயம் தெரிந்தது. பொலிஸார் ஐவர் கைதானார்கள். 25ஆம் திகதி வடக்கே கடையடைத்தது. முதல் மணிகளில் யாருக்கும் பிழை வரலாம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கக் கூடியது என்ன? பிழை தெரிந்த பிறகு, பிழையைச் சொன்ன அதே சத்தத்தில் திருத்தத்தையும் சொன்னார்களா?

கனகராயன்கரை

மூன்று பேருக்கும் நன்றி. பழைய புள்ளிகளை அழித்துவிட்டு நான்கு நிறத்தில் தொடங்குகிறோம். இரண்டு சந்தேகம். மாணவர் பக்க அறிக்கைகளில் பிழை காட்டினால் 'நீங்கள் நிர்வாகத்தின் ஆளா' என்று பிள்ளைகளுக்குள்ளேயே வருகிறது. மற்றது, எத்தனை பேர் காயம், வளாகத்தை மூடச் சொன்னது யார் போன்ற நீல வசனங்களை இங்கே இருந்து எப்படி உறுதிப்படுத்துவது?

இரணைமடு வான்கதவு

முதலாவதுக்கு ஒரு பயிற்சி. அறிக்கையில் உள்ள பெயர்களை மறைத்து 'அ தரப்பு', 'ஆ தரப்பு' என்று எழுதி நிறம் தீட்டக் கொடுங்கோ. முடிந்த பிறகு பெயரைத் திறவுங்கோ. தாங்களே தீட்டிய நிறத்தை அவர்கள் மறுக்கமாட்டார்கள். ஒரு கட்டாய உதாரணமும் வையுங்கோ: பகிடிவதை விசாரணையில் மாணவர் இடைநிறுத்தப்பட்டதை 'அடக்குமுறை' என்று மட்டும் எழுதி, பகிடிவதை என்ற சொல்லையே விட்டுவிடும் பிரசுரம். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். விடுபட்ட சொல்லையும் எடைபோட வேணும் என்று அதில் நன்றாக விளங்கும். அதற்காக இடைநிறுத்தம் நீதியானது என்று ஆகிவிடாது. விசாரணை ஒழுங்காக நடந்ததா என்பது தனி நீல வசனம்.

இரண்டாவது. வழக்குப் பதிவானால் பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் 'பீ அறிக்கை' இருக்கிறது. ஊடகத்துக்குச் சொன்னதையும் நீதிமன்றத்துக்குச் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. வழக்கை நடத்தும் சட்டத்தரணியிடமோ நீதிமன்றச் செய்தியாளரிடமோ கேட்டால் திறந்த மன்றில் என்ன சொல்லப்பட்டது என்று தெரியவரும். காயப்பட்டோர் தொகைக்கு, இரு தரப்பின் எண்ணிக்கையையும் பலகையில் போட்டு, 'சிகிச்சைக்கு வந்தோர்', 'வைத்தியசாலை விடுதியில் அனுமதிக்கப்பட்டோர்' என்று பிரித்துக் கேளுங்கோ. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

முடிவு எடுத்தவர் யார் என்பதற்குத் தகவலறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பல்கலைக்கழகம், பொலிஸ் இரண்டும் அதற்குள் வரும். தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் மூடினீர்கள்' என்று கேட்டால் விளக்கக் கடிதம்தான் வரும். 'இன்ன திகதிய மூடல் முடிவு எடுக்கப்பட்ட கூட்ட அறிக்கையின் பிரதி' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கோ. 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேணும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. பிள்ளைகளின் பெயரில் அனுப்பாமல் நிலையத்தில் உள்ள பெரியவர் ஒருவரின் பெயரில் அனுப்புங்கோ.

பாலியாற்றுப் பாலம்

பலகையைப் பற்றி ஒன்று. போராட்டத்தில் நின்ற மாணவரின் முகமோ பெயரோ ஊரோ ஏற்றவேண்டாம். அறிக்கையில் பெயர் இருந்தால் கறுப்பால் மூடுங்கோ. பதவியில் இருப்பவரின் பெயர், பதவி, திகதி மட்டும் போகலாம். குரல்பதிவுகளை எழுதியும் ஏற்றவேண்டாம், யார் குரல் என்று நிரூபிக்க ஏலாது.

ஒவ்வொரு தாளின் வலப்பக்கம் மூன்று விரல் அகலம் வெறுமையாக விடுங்கோ. மறுப்போ திருத்தமோ வந்தால் திகதியோடு அங்கே எழுதலாம். பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒட்டினால் முதலில் என்ன சொல்லப்பட்டது என்பது காணாமல் போய்விடும்.